நூலைப் போல தூண்டில்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி இருக்கும். கஞ்சமலை அடிவாரத்தில் ஒரு ஏரி. இரண்டு வாரமாக விட்டு விட்டுப் பெய்த மழையில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. கரையோரம் ஆகாயத்தாமரை, அதைத் தாண்டி ஒரு பத்தடி வெறுந்தண்ணீர், அப்புறம் மறுபடியும் ஆகாயத்தாமரை. அந்தப் பத்தடிச் சந்தில் தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை வீசி, தத்தித் தத்தி இழுத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது வீச்சில் தவளை இருந்த இடத்தில் 'பொளக்' என்று ஒரு குழி விழுந்தது.

விரால்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு ராடை, அதாவது தூண்டில் கம்பை, ஓங்கி இழுத்தேன். கனம் கைக்கு வந்தது. நூல் சுற்றும் சக்கரமான ரீலைச் சுற்றினேன். கைப்பிடி சுற்றுகிறது, நூல் வரவில்லை. டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக், தளர்ந்துவிட்டது போல என்று முன்னால் இருக்கும் திருகை இறுக்கினேன். வரவில்லை. முழுக்க இறுக்கினேன். அப்போதும் நூல் மீன் பக்கமே போய்க்கொண்டிருந்தது. விரால் அவசரமே படாமல் தாமரைக்கு அடியில் நுழைந்து, ஒரு முறுக்கு முறுக்கி, தவளையைத் துப்பிவிட்டுப் போயிற்று.

மாமா பக்கத்து மதகுக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் இருப்பது மூங்கில் கம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, ஒரு டப்பா மண்புழு. எல்லாம் சேர்த்து நூறு ரூபாய் தேறாது.

"மாப்ள, அந்த மெசினு எத்தன ரூபா?"

"ரெண்டாயிரத்து அறுநூறுங்க மாமா."

பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தக்கையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அன்று ராத்திரி தறிக் கொட்டகையில் டியூப் லைட்டுக்கு அடியில் ரீலைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். டிராக் சரியாகவே இருந்தது. சுருளின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தித் திருப்பினேன். ஸ்பூல் (நூல் சுற்றியிருக்கும் உருளை) அப்படியே நிற்க, அதன் மேல் சுற்றியிருந்த நூல் மொத்தமும், கையில் வளையல் சுற்றுகிற மாதிரி, வழுக்கிக்கொண்டு சுற்றியது. டிராக்கை எத்தனை இறுக்கினாலும் இறுகுவது ஸ்பூல்தான். நூல் தனியாக ஓடும். பின்னிய நூலை வெறும் அலுமினிய ஸ்பூலின் மேல் நேராகச் சுற்றியிருந்தேன். அது மெழுகு மாதிரி வழுக்குகிற சாதி. முதலில் பத்துப் பதினைந்து சுற்று சாதா நைலான் நரம்பைச் சுற்றி, அதன் முனையில் இதை முடிந்து சுற்றினால் பிடித்துக்கொள்ளும். நைலான் இல்லாவிட்டால் ஸ்பூலில் ஒரு சுற்று ஒட்டுநாடா போதும்.

இது தெரியாதவன் யாரோ என்றால் பரவாயில்லை. எங்களுக்கு இளம்பிள்ளையில் ஆறு விசைத்தறி. இருபத்திரண்டு வருஷமாக எனக்கு நூல்தான் சோறு. வழுவழுப்பான கட்டையில் தார் (தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல்) சுற்றினால் முதல் சுற்று பிடிக்காது என்று தறிக்கு வரும் சின்னப் பையனுக்கு முதல் நாளே சொல்லித் தருகிறவன் நான்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். தூண்டிலும் அப்படித்தான் என்று எனக்குப் புரிய ஒரு விரால் போக வேண்டியிருந்தது. எல்லோரும் முதலில் ரீலுக்கு ஆசைப்படுவார்கள், மினுமினுப்பது அதுதான். அப்புறம் மிச்சக் காசுக்கு ஒரு ராடு. கடைசியில் கடைக்காரர் கையில் எடுத்துத் தருவது ஏதோ ஒரு நூல். நானும் அப்படித்தான் வாங்கினேன். இப்போது யாராவது கேட்டால் தலைகீழாகத்தான் சொல்கிறேன்: நூலை முடிவு பண்ணு, அதற்கு ராடு, அதற்கு ரீல்.

இந்தப் பைத்தியம் பிடித்தது அமெரிக்காக்காரர்களின் பாஸ் மீன் வீடியோக்களால். லார்ஜ்மவுத் பாஸ் நம்மூர்த் தண்ணீரில் கிடையாது. வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து மீன். ஆனால் அது பாசிக்கு அடியில் பதுங்கியிருந்து, மேலே போகும் தவளையை ஒரே வாயில் அள்ளுவதைப் பார்த்தபோது, 'அட, இது நம்ம விரால் பண்ற வேலையாச்சே' என்று தோன்றியது. அவர்கள் அதற்கென்று நூறு வருஷமாகச் செதுக்கி வைத்திருக்கும் சாமான்கள் அப்படியே விராலுக்குப் பொருந்துகின்றன. ஒன்றை மட்டும் அப்படியே செய்துவிடாதீர்கள். அவர்கள் பாஸின் கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கி போட்டோவுக்கு நிற்பார்கள். விராலின் வாயில் விரலை விட்டால் பல் தெரியும்.

ஏற்காடு ஏரியில் நாலு பாஸ் குஞ்சைக் கொண்டுவந்து விட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். வேண்டாம் சாமி. ஜப்பானில் 1925ல் ஆஷி ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள். மேட்டூரில் அணை வேலை ஆரம்பித்த அதே வருஷம். அது நாடு முழுக்கப் பரவி உள்ளூர் மீன்களைத் தின்று, கடைசியில் 2005ல் அதை உயிரோடு வைத்திருப்பதும் எடுத்துப் போவதும் விடுவதும் குற்றம் என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. நம் ஏரிகளில் ஜிலேபிக் கெண்டை பண்ணுவதே போதும்.

பாஸில் உலக சாதனை 1932 ஜூன் 2ல் ஜார்ஜ் பெர்ரி என்ற இளைஞர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிடித்த மீன். 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்து கிலோவுக்குச் சற்று மேல். 2009 ஜூலை 2ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா அதற்கு ஒரு அவுன்ஸ் போலக் கூடுதலாகப் பிடித்தார். பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸ் வித்தியாசம் வேண்டும் என்பது விதி. அதனால் இருவருக்கும் சமம் என்று எழுதிவிட்டார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. நைலானை அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கியது 1935ல். அப்படியென்றால் பெர்ரியின் ரீலில் இருந்தது இன்று நாம் நரம்பு என்று சொல்கிற எதுவுமே இல்லை. எழுபத்தேழு வருஷத்தில் நூல் எங்கேயோ போய்விட்டது, மீன் ஒரு அவுன்ஸ் கூடியிருக்கிறது.

சரி, நூலுக்கு வருகிறேன்.

கடையில் மூன்று சாதி இருக்கும். ஒன்று நைலான் நரம்பு, மோனோ என்பார்கள், நம் அப்பாக்கள் காலத்துத் தங்கூஸ். இரண்டாவது ஃப்ளூரோகார்பன். பார்க்க நைலான் மாதிரியே இருக்கும், ஆனால் கனம். மூன்றாவது பின்னிய நூல், பிரெய்டு. பாலிஎத்திலீன் இழைகளை நாலாகவோ எட்டாகவோ சேர்த்துப் பின்னுவது. ஜப்பான்காரர்கள் பிஇ என்பார்கள்.

நைலான் இழுத்தால் நீளும். கால் பங்கு வரைகூட. நாற்பதடி தள்ளி மீன் கடித்தால் நீங்கள் ராடை ஓங்கும் வேகத்தில் பாதியை நரம்பே சாப்பிட்டுவிடும். தாமரைக்குள் விராலின் தாடையில் கொக்கி ஏற அது போதாது. ஆனால் வெறுந்தண்ணீரில் சின்ன மீனுக்கு அந்த நீட்சியே நல்லது, வாய் கிழியாது. பிரெய்டு நீளவே நீளாது. கரையில் கொட்டாவி விட்டால் தவளைக்குத் தெரியும். தண்ணீரில் மிதக்கும், அதனால் தவளை இழுக்கத் தோது. ஃப்ளூரோகார்பன் மூழ்கும், தண்ணீரில் கண்ணுக்கு அதிகம் தெரியாது, கல்லில் உரசினால் தாங்கும். முழு ரீலுக்கும் அதைச் சுற்றுவது நம் ஏரிக்கு வீண் செலவு. தெளிந்த தண்ணீரில் பிரெய்டின் முனையில் ஒரு ஆள் நீளம் கட்ட வைத்துக்கொள்ளலாம். தாமரைக்குள் தவளை வீசும்போது அதுகூட வேண்டாம், பிரெய்டிலேயே நேராகத் தவளையைக் கட்டிவிடுவேன்.

இப்போது அட்டையில் இருக்கும் எண். பிஇ 1, பிஇ 2, பிஇ 3 என்று போட்டிருக்கும். ரொம்ப நாள் இது ஏதோ மாடல் நம்பர் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் தெரிந்தது, அது டெனியர்! பிஇ 1 என்றால் 200 டெனியர். 2 என்றால் 400, 3 என்றால் 600. தறிக்காரனுக்கு டெனியர் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர். எங்கள் தறியில் ஓடும் பாலியெஸ்டர் 75 டெனியர், அப்படியென்றால் 9000 மீட்டர் 75 கிராம். நைலானுக்கும் ஃப்ளூரோகார்பனுக்கும் இந்தக் கணக்கு கிடையாது. அங்கே எண் தடிமனைச் சொல்கிறது, 1 என்றால் 0.165 மில்லிமீட்டர்.

டெனியர் என்று தெரிந்ததும் எனக்குக் கை பரபரத்தது. ஏனென்றால் டெனியரைத் தராசில் போட்டுப் பார்த்துவிடலாம். ஆன்லைனில் 280 ரூபாய்க்கு வாங்கிய 100 மீட்டர் சுருள் ஒன்று இருந்தது. அட்டையில் பிஇ 2, 40 பவுண்டு (அறுபடாமல் தாங்கும் இழுவை) என்று போட்டிருந்தான். 400 டெனியர் என்றால் 100 மீட்டர் நாலரை கிராம் இருக்க வேண்டும். சிவதாபுரத்தில் என் சிநேகிதனுக்குக் கொலுசுப் பட்டறை. வெள்ளிக்கு வைத்திருக்கும் தராசு, மூச்சு பட்டால் எண் ஆடும். நூலைச் சுருளோடு வைத்தோம். பிறகு நூலை முழுக்க உருவிவிட்டு வெறும் சுருளை வைத்தோம். கழித்துப் பார்த்தால் ஏழே முக்கால் கிராம்.

"என்றா இது, வெள்ளில கூட இத்தன சேதாரம் வராது" என்றான்.

மேல் பூச்சு ஏதாவது இருக்கும் என்று கொஞ்சம் தள்ளிக்கொடுத்தாலும் இது பிஇ 2 இல்லை. இன்னொரு சோதனையும் செய்தோம், இதை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு. நூலில் ஒரு அங்குலம் வெட்டிப் போட்டு, குச்சியால் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். பாலிஎத்திலீனின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, 0.97. எத்தனை முறை அமுக்கினாலும் மேலே வரும். பாலியெஸ்டர் 1.38, போனால் போனதுதான். ஷாம்பு எதற்கென்றால், அது இல்லாவிட்டால் மூழ்க வேண்டிய நூலும் தண்ணீரின் தோலைப் பிடித்துக்கொண்டு மிதக்கிற மாதிரி ஏமாற்றும். என் நூல் டம்ளர் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பாலியெஸ்டரைப் பின்னி, பச்சைச் சாயம் போட்டு, பிரெய்டு என்று எனக்கே விற்றிருக்கிறான். இளம்பிள்ளைக்காரனுக்கே பாலியெஸ்டர்!

இதெல்லாம் பார்த்தபின் விராலுக்கு நான் போடுவது பிஇ 4. அமெரிக்காவில் பாஸுக்குத் தவளை வீசுகிறவர்கள் 50லிருந்து 65 பவுண்டு பிரெய்டு போடுகிறார்கள், அதே வரிசைதான். "ரெண்டு கிலோ மீனுக்கு இத்தனை பவுண்டு எதுக்கு?" என்று கேட்பார்கள். மீனுக்கு இல்லை. விரால் தாமரைக்குள் நுழைந்துவிட்டால் நீங்கள் இழுப்பது இரண்டு கிலோ மீனும் ஐந்தாறு கிலோ செடியும். மூக்கனேரி மாதிரி வெறுந்தண்ணீர் அதிகம் இருக்கிற இடத்தில் சின்ன லூர் (செயற்கை இரை) போட பிஇ 1.5 போதும், தூரமும் போகும்.

முடிச்சில் ஒரு அவமானம் சொல்ல வேண்டும். தறியில் பாவு நூல் அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடும் நெசவு முடிச்சு ஒன்று உண்டு. அரை வினாடி வேலை. அந்தத் திமிரில் நைலானையும் பிரெய்டையும் அதே முடிச்சால் சேர்த்தேன். கொட்டகையில் இழுத்தபோது நின்றது. ஏரியில் முதல் வீச்சிலேயே தவளை மட்டும் பறந்து போயிற்று. பருத்திக்கு இருக்கும் பிடிப்பு இதற்குக் கிடையாது, வழுக்கி உருவிக்கொண்டு வந்துவிடும். இப்போது தவளைக்கு பாலோமர் முடிச்சு: நூலை இரட்டையாக்கிக் கொக்கிக் கண்ணில் விட்டு, சாதாரண முடிச்சு ஒன்று தளர்வாகப் போட்டு, அந்த வளையத்துக்குள் தவளையையே நுழைத்து இழுப்பது. இறுக்குவதற்கு முன் எச்சில் வைத்து ஈரமாக்க வேண்டும். உரசும் சூட்டிலேயே நூலின் பலம் போய்விடும், பாலிஎத்திலீன் ஏறக்குறைய 145 டிகிரியில் உருகிவிடுகிற பொருள். நைலானோடும் ஃப்ளூரோகார்பனோடும் சேர்க்க எஃப்ஜி முடிச்சு. அது முடிச்சே இல்லை, பின்னல். நரம்பின் மேல் பிரெய்டை மாற்றி மாற்றி இருபது முறை சுற்றிக்கொண்டே போவது. எனக்குக் கை வர ஒரு வாரம் ஆயிற்று. எங்கள் வீட்டுக்காரம்மா பூக்கட்டுகிற வேகத்தில் இரண்டாவது தடவையே போட்டுவிட்டாள்.

ராடுக்கு வருகிறேன். கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் மூன்று விஷயம் எழுதியிருக்கும்: நூல் எத்தனை பவுண்டு, லூர் எத்தனை கிராம், பவர் என்ன. பவர் என்பது கம்பின் உடம்புப் பலம். அல்ட்ராலைட்டில் ஆரம்பித்து லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று போகும். ஆக்‌ஷன் என்பது வேறு, எந்த இடத்தில் வளைகிறது என்பது. நுனியில் மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட். பாதி வரை வளைந்தால் மாடரேட். அடி வரை வளைந்தால் ஸ்லோ, மாமாவின் மூங்கில் கம்பு அந்த வகை. தவளைக்கு ஃபாஸ்ட்தான் சரி. நுனி வளைந்து தவளையை வீசும், மீன் கடித்தபின் அடிக்கம்பு விறைப்பாக நின்று இழுக்கும்.

லூர் எடையை மட்டும் அலட்சியம் பண்ணாதீர்கள். என் ரப்பர் தவளை 12 கிராம். முதல் ராடில் 3 முதல் 10 கிராம் என்று எழுதியிருந்தது. இரண்டு கிராமில் என்ன வந்துவிடும் என்று வீசினேன். உடையவில்லை, ஆனால் ஈரத்துணியை உதறுகிற மாதிரி தவளை எங்கோ இடப்பக்கம் போய் விழுந்தது. இப்போது இருப்பது 7 முதல் 28 கிராம், மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். அமெரிக்க லூர்களில் அவுன்ஸ் கணக்கு இருக்கும், கால் அவுன்ஸ் 7 கிராம், அரை அவுன்ஸ் 14 என்று வைத்துக்கொள்ளலாம்.

நீளம்? வீடியோவில் எல்லோரும் ஏழடி, ஏழேகால் என்பார்கள். அவர்கள் படகில் நின்று வீசுகிறார்கள். நம் ஏரிக் கரையில் முதுகுக்குப் பின்னால் சீமைக்கருவேலம் நிற்கும். ஆறரை அடி எனக்குப் போதும் என்று தோன்றுகிறது. பைக்கில் எடுத்துப் போக இரண்டு துண்டாகக் கழலுகிறது வேண்டும்.

இன்னொரு ராடு உடைந்த கதை. அது விலை கூடியது, 30 டன் கார்பன் என்று பெருமையாக வாங்கினது. டன் என்பது கார்பன் இழையின் விறைப்பு. கூடக் கூட ராடு லேசாகும், கை நரம்புக்கு எல்லாம் தெரியும், ஆனால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பூலாம்பட்டியில் காவிரிப் படிக்கட்டில் நின்றுகொண்டு ஒரு கிலோகூட வராத ஜிலேபியை வலையால் எடுக்கச் சோம்பல்பட்டு ராடாலேயே தூக்கினேன். ராடு நேர் மேலே நிற்க, மீன் என் காலடியில். நுனி குடைக்காம்பு மாதிரி வளைந்தது. அந்த நிலையில் அடிக்கம்புக்கு வேலையே இல்லை, பாரம் மொத்தமும் நுனி ஒரு அடிக்குத்தான். 'டக்' என்றது. பரிசலுக்குக் காத்திருந்த ஒரு அம்மா "பட்டாசாங்க?" என்று கேட்டார். கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, முழுக்க என் வேலை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கண்ணாடி இழையும் கார்பனும் கலந்த ராடை வாங்குங்கள். கனம் கொஞ்சம் கூட, மிதி வாங்கினாலும் பிழைக்கும்.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மேட்டூரிலிருந்து வருகிற பெரிய லைன்கள் நம் பக்கத்து வயல், ஏரி எல்லாவற்றின் மேலும் போகின்றன. ராடைத் தூக்கிக்கொண்டு அதற்கு அடியில் நடக்காதீர்கள், இடி இடித்தால் மடக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

ராடு வாங்கும்போது நான் பாக்கெட்டில் ஒரு முழம் செயற்கைப் பட்டு நூல் எடுத்துக்கொண்டு போகிறேன், முறுக்கு ஏற்றாதது. தறியில் நூல் ஓடும் பீங்கான் கண்ணில் மயிரிழை விரிசல் இருந்தால் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ராடின் வளையங்களுக்குள் இருப்பதும் பீங்கான் மாதிரியான அதே வகைப் பொருள்தான். ஒவ்வொரு வளையத்திலும் அந்த நூலை விட்டு நாலு பக்கமும் உரசி இழுப்பேன். ஒரு இழை சிலும்பினாலும் அந்த ராடு வேண்டாம். கடைக்காரப் பையன் முதல் தடவை என்னை ஒரு மாதிரிதான் பார்த்தான். மூன்றாவது ராடில் நுனி வளையத்தில் நூல் சிலும்பியதைக் காட்டினேன். அப்புறம் அவனும் என்னிடம் ஒரு முழம் நூல் வாங்கி வைத்துக்கொண்டான்.

ரீலில் இரண்டு வகை. ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் அசையாது, நூல் அதன் விளிம்பைத் தாண்டி உருவிக்கொண்டு போகும், கோன் நூல் உருவுகிற மாதிரியே. இதற்கு 1905ல் காப்புரிமை வாங்கியவர் ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த், இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டில் கம்பளி மில் முதலாளி. நூல்காரன்! இதைப் படித்த அன்று எனக்கு அந்த ரீலின் மேல் ஒரு பங்காளிப் பாசம் வந்துவிட்டது. மற்றது பெய்ட்காஸ்டர். அதில் ஸ்பூலே உருளும், தார் உருளுகிற மாதிரி. கனமான நூலுக்கும் 10 கிராமுக்கு மேல் லூருக்கும் அது நல்லது, சின்ன லூருக்கு ஸ்பின்னிங்.

கோனிலிருந்து உருவும் நூலில் சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறும் என்பது நூல்காரர்களுக்குத் தெரியும். ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஏறுவது திரும்பச் சுற்றும்போது இறங்கிவிடும், அதனால் பயமில்லை. பயப்பட வேண்டியது வேறு இடத்தில். மீன் டிராக்கை இழுத்துக்கொண்டு ஓடும்போது பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றுவோம். ரீலில் 5.2:1 (கைப்பிடி ஒரு சுற்றுக்கு நூலைச் சுற்றும் பாகம் 5.2 சுற்று) என்று போட்டிருந்தால், நூல் உள்ளே வராமல் நீங்கள் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஐந்து முறுக்கு. பத்துச் சுற்றுக்கு ஐம்பது. அடுத்த வீச்சில் நூல் கரையில் இடியாப்பமாகக் கிடக்கும். மீன் ஓடினால் கையை எடுத்துவிடுங்கள், நின்றதும் சுற்றுங்கள்.

பெய்ட்காஸ்டரின் இடியாப்பம் இன்னும் மோசம். லூர் தண்ணீரில் விழுந்து நின்றுவிட்டது, ஸ்பூல் நிற்கவில்லை, உள்ளே நூல் குருவிக்கூடு. நாடா நின்றபின்னும் தார் தானாகச் சுற்றினால் என்ன ஆகுமோ அதுதான். பக்கத்துத் திருகை, லூர் தன் கனத்தில் மெதுவாக இறங்கி, தரையில் பட்டதும் ஸ்பூல் நிற்கிற அளவுக்கு இறுக்குங்கள். பிரேக்கை முதல் மாதம் முழுக்க வையுங்கள். கட்டைவிரல் ஸ்பூலின் மேலேயே இருக்கட்டும், லூர் விழும் நொடிக்கு முன்னால் அழுத்த வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை. வீட்டு முன்னால் தெருவில் கொக்கி இல்லாத லூரை வைத்து வீசிப் பழகினேன். இரண்டு நாள் எதிர்வீட்டு நாய் எடுத்துக்கொண்டு ஓடியது, மூன்றாம் நாள் அதுவே சலித்துப்போய்ப் படுத்துவிட்டது.

கியர் எண் 7.1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று. என் ஸ்பூல் 32 மில்லிமீட்டர், சுற்றளவு பத்து சென்டிமீட்டர், ஆக ஒரு சுற்றுக்கு எழுபது சென்டிமீட்டர் நூல் வரும். விராலைத் தாமரைக்குள் போகவிடாமல் இழுக்க அந்த வேகம் வேண்டும். பேரிங் 12, 18 என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதைப் பற்றி எழுதினால் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

டிராக் எவ்வளவு? நூல் தாங்குவதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. பெட்டி எடை போடும் கொக்கித் தராசை நூல் முனையில் மாட்டி இழுத்துப் பார்த்து வைக்கலாம். தாமரைக்குள் தவளை வீசும்போது மட்டும் நான் கிட்டத்தட்ட முழுக்க இறுக்கிவிடுவேன்.

என் சாமான் இப்போது இதுதான்: ஆறரை அடி மீடியம் ஹெவி, 2,900 ரூபாய். பெய்ட்காஸ்டர் 3,400. பிஇ 4 நூல் 150 மீட்டர் 1,350. நூலுக்கு மட்டும் அத்தனையா என்று வீட்டில் கேட்டார்கள். நூலுக்கு விலை கேட்காத குடும்பம் இது என்று பார்த்தால்.

ஏரி குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைக்காரரைக் கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் "பிடிச்சுக்கங்க, ரெண்டு கிலோவுக்கு மேல வந்தா காசு குடுத்துருங்க" என்பார்கள். சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் கொப்பளிப்பதைப் பார்த்தால் அங்கே வீசாதீர்கள். தாய் தகப்பன் இரண்டும் அடியில் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் பாயும். பிடிப்பது சுலபம், அதனால்தான் சொல்கிறேன்.

போன வாரம் நூலைத் திருப்பிச் சுற்றினேன். பிரெய்டில் தேய்வதெல்லாம் வெளி முனை முப்பது மீட்டர்தான், உள்ளே இருப்பது புதுசாகவே இருக்கும். திருப்பிப் போட்டால் இன்னொரு வருஷம் வரும். அம்மா பழைய ராட்டை முன்னால் உட்கார்ந்து, ஈரத்துணியில் நூலை அழுத்திப் பிடித்துக் கொடுத்தார். தளர்வாகச் சுற்றினால் மேல் சுற்று கீழே புதைந்துகொள்ளும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "எனக்குத் தெரியும், நீ சுத்து" என்றார். தேய்ந்த முனையில் எட்டு மீட்டர் வெட்டிப் போட்டிருந்ததை மாமா கையில் எடுத்துப் பார்த்தார். பல்லில் கடித்தார். இரண்டு கையிலும் சுற்றி இழுத்தார், கை சிவந்துவிட்டது.

"இதுல எனக்கு ஆறு முழம் குடு மாப்ள."

"தேஞ்சதுங்க மாமா. புதுசுல வெட்டித் தர்றேன்."

"கெளுத்திக்கு இது போதும்" என்று மூங்கில் நுனியில் கட்டிக்கொண்டார். என்ன முடிச்சு போட்டார் என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். நெசவு முடிச்சு. அதில் கடைசியாக ஒரு சுற்று கூடச் சுற்றி, முனையை உள்ளே கொடுத்திருந்தார். ஒரு மணி நேரம் இழுத்துப் பார்த்தேன், வழுக்கவில்லை.